ஒரு திரை, இரண்டு நோட்டு



"டேப்லெட் வாங்கிக் கொடுங்கள், புத்தகம், நோட்டு எல்லாம் அதிலேயே அடங்கிவிடும்" என்று வீட்டில் கேட்கிறீர்களா? அடங்கும், உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விரித்து வைக்க முடியுமா?

நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? இடப்பக்கம் அறிவியல் புத்தகம், வலப்பக்கம் நோட்டு. போன மாதம் வரைந்த படம் தேவைப்பட்டால் பழைய நோட்டும் பக்கத்தில் வந்துவிடும். மேஜையில் இடமில்லாவிட்டால் தரை இருக்கவே இருக்கிறது!

டேப்லெட்டில் இது அவ்வளவு எளிதல்ல. ஐபேடு 2010ல் வந்தது. அதில் இரண்டு செயலிகளை அருகருகே திறக்கும் வசதி 2015ல்தான், அதுவும் சில ஐபேடுகளுக்கு மட்டும் கிடைத்தது. ஒரே செயலியை இரண்டு ஜன்னல்களில் திறக்கும் வழி 2019ல் வந்தது. இன்றும்கூட, குறிப்பெடுக்கும் செயலியைச் செய்தவர்கள் அதற்கு இடம் கொடுத்திருந்தால்தான் இரண்டு நோட்டுகளைச் சேர்த்துப் பார்க்கலாம். சில செயலிகள் திரையைப் பிரிக்கவே சம்மதிக்காது.

சரி, பிரித்துவிட்டோம். மிஞ்சுவது எவ்வளவு? பிதாகரஸ் தேற்றம் படித்தவர்கள் கணக்குப் போடுங்கள். 10 அங்குல டேப்லெட் என்றால் மூலைவிட்டம் 10 அங்குலம். 4:3 விகிதத் திரையானால் நீளம் 8, அகலம் 6. பாதியாக்கினால் 4க்கு 6. அஞ்சலட்டை பார்த்திருக்கிறீர்களா? அதைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்! எழுத விசைப்பலகை எழும்பினால் கீழ்ப்பகுதியும் போச்சு.

மாற்றி மாற்றித் திறக்கலாமே என்பீர்கள். ஒரு வரியைப் படித்து நோட்டுக்குத் தாவுவதற்குள் பாதி மறந்துவிடும். கரும்பலகையில் எழுதியதைச் சீக்கிரம் அழித்தால் "சார், சார்" என்று கத்துவீர்களே, அந்தக் கதைதான். நினைவகம் குறைந்த டேப்லெட்டாக இருந்தால், பின்னால் போன செயலியை அதுவே மூடிவிடுவதும் உண்டு. திரும்பி வந்தால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் "கவனம் போதாது" என்று உங்களைத் திட்டுவது நியாயமில்லை. குறை கருவியில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்று தாளாகவே இருக்கட்டும். பாடம் திரையில் என்றால் குறிப்பு நோட்டில். குறிப்பு திரையில் என்றால் புத்தகம் மடியில். இதனால் பை கொஞ்சம் கனக்கும். கனக்கட்டுமே!

எப்படியும் வாங்கத்தான் போகிறார்கள் என்றால், அப்பா, அம்மாவுடன் நீங்களும் கடைக்குப் போங்கள். நீங்கள் பயன்படுத்தப் போகும் செயலியில் இரண்டு நோட்டுகளை அருகருகே திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்த பிறகு, ஒரு பக்கம் எழுதியும் பாருங்கள்.