ஒஸ்தா மாமாவின் கத்தி



ஹட்டன் பக்கம் நம்மில் சிலருக்குப் பழைய சவரக் கத்தி சேர்க்கும் ஆசை வந்திருக்கிறது. ஷெஃபீல்ட், சோலிங்கன் முத்திரை இருந்தால் சொன்ன விலை கொடுக்கிறோம். தப்பில்லை, எங்களிடமும் இரண்டு இருக்கின்றன. தோல் பட்டையில் தீட்டினால் இன்றும் சவரம் செய்யலாம், அப்படி உருக்கு.

சவரப் பிரஷ் வாங்கும்போது பன்றி மயிரா என்று பத்து முறை விசாரிக்கிறோம். விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கத்தியைப் பிடித்த கை யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒஸ்தா மாமாவுடையது. ஏழாம் நாள் நம் பிள்ளைகளுக்கு முடி இறக்கியவர் அவர். அந்த முடியின் எடைக்கு வெள்ளி கணக்குப் பார்த்து சதக்கா கொடுத்தோம். கத்னாவுக்கும் அவரைத்தான் கூப்பிட்டோம். பிறகு கத்னா டாக்டரிடம் போனது. 1903இல் கில்லெட் விற்கத் தொடங்கிய, தேய்ந்தால் மாற்றும் பிளேடு கடைசியில் நம் சலூனுக்கும் வந்தது. கத்தி ஓய்ந்தது.

பெயர் ஓயவில்லையே! சம்பந்தம் பேசும்போது “அவங்க ஒஸ்தா குடும்பம்” என்று இன்னும் குரலைத் தாழ்த்துகிறோம். பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம், வெளியே வந்ததும் வம்சம் பார்க்கிறோம். எந்த மார்க்கத்தில் படித்தோம் இதை?

கத்தியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டோம். அவருடைய பேரன் நம் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தால் என்ன சொல்வோம்?