நடிகர் கூப்பிட்டா விமானம் ஏறிடுவாங்களா?

வெளிநாட்டுப் பயணிகள் வரலைன்னு பேச்சு வந்தா போதும், டெல்லியில் கேட்கிற முதல் கேள்வி: "யாரைத் தூதரா போடலாம்?" எந்த நடிகர், எந்த கிரிக்கெட் வீரர், எவ்வளவு பெரிய பேனர்!

மக்களே, கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா?

'இன்கிரெடிபிள் இந்தியா' 2002-ல் தொடங்கியது. பிற்பாடு ஆமிர்கான் 'அதிதி தேவோ பவ' விளம்பரங்களில் வந்தார். பயணியை ஏமாத்தாதே, சீண்டாதே, கண்ட இடத்தில் குப்பை போடாதே என்று சொன்ன விளம்பரம். நல்ல சேதிதான், குறை சொல்லலை. ஆனா அதைப் பார்த்தது யாரு? வீட்டு டிவி முன்னால உட்கார்ந்திருந்த நாமதான். ஜெர்மனியில் இருக்கிறவர் அதைப் பார்த்துட்டா டிக்கெட் போட்டார்?

2015 கடைசியில் சகிப்பின்மை பற்றி ஆமிர் பேசியது சர்ச்சையானது. 2016 ஜனவரியில் அவர் தூதர் இல்லை என்றானது. ஏஜென்சி ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு என்று விளக்கம் சொன்னார்கள். அப்புறம் அமிதாப் பச்சன் பெயர் அடிபட்டது. அதுக்கும் அப்புறம், பிரதமரே முகமாக இருப்பார் என்று செய்தி வந்தது.

சரி, முகத்துக்கு இவ்வளவு இழுபறி நடந்த அந்த வருஷம் கூட்டம் குறைஞ்சுதா? 2015-ல் வந்தவர்கள் 80 லட்சம் பேர். 2016-ல் 88 லட்சம் பேர்!

எப்படி? 2014 நவம்பரில் 43 நாட்டவருக்கு ஆன்லைன் விசா கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு நீட்டினார்கள். அந்த விசாவில் வந்தவர்கள் 2015-ல் சுமார் 4.45 லட்சம், 2016-ல் 10.8 லட்சம். இதில் எல்லாருமே புதுசா வந்தவங்க இல்லை, தூதரகத்தில் கியூவில் நின்னாவது வந்திருக்கக்கூடியவங்களும் உண்டு. ஆனாலும் கதவைத் திறந்தா ஆள் வருவாங்க என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? இதைச் செய்ததும் இதே ஒன்றிய அரசுதான், மறைக்க வேண்டியதில்லை. அதனாலதான் கேட்கிறோம்: வழி தெரிஞ்சும் ஏன் ஸ்டார் பின்னாடி ஓடுறீங்க?

வேலூருக்குப் போய்ப் பாருங்க. பெரிய ஆஸ்பத்திரியைச் சுத்தி லாட்ஜ் போர்டு, மெஸ் போர்டு எல்லாம் வங்காளத்தில் இருக்கும். மேற்கு வங்கத்துக்காரங்களும் வர்றாங்க, எல்லை தாண்டி வங்கதேசத்தில் இருந்தும் வர்றாங்க. 2023-ல் இந்தியாவுக்கு அதிகம் பேர் வந்த நாடு வங்கதேசம்தான், 20 லட்சத்துக்கும் மேல. இவங்களை எந்த நடிகர் கூப்பிட்டார்? இங்கே வந்து குணமாகிப் போனவர் ஊரில் பத்துப் பேரிடம் சொன்னார், அவ்வளவுதான். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு அவங்களுக்கு விசா சுருங்கியது. உடனே வரத்தும் சரிஞ்சுது.

"துபாய்க்கு ஷாருக் கான் விளம்பரம் பண்ணலையா?" என்று கேட்பீங்க. பண்ணினார். யாரைக் கூப்பிட? நம்மளை! துபாய்க்காரன் நமக்குத் தெரிஞ்ச முகத்தை வெச்சு நம்மைக் கூப்பிடுறான். அங்கே விமானமும் விசாவும் டாக்ஸியும் தயாரா இருக்கு. நாமளோ நமக்கு மட்டும் தெரிஞ்ச முகத்தை உலகத்துக்குக் காட்டுறோம்.

அந்த ஊருக்குத் தெரிஞ்ச முகமே ஆனாலும் சில நேரம் எடுபடாது. 2019 கிறிஸ்துமஸ் சமயம் ஆஸ்திரேலியா, பிரிட்டனில் எல்லாருக்கும் தெரிஞ்ச பாடகி கைலி மினோக்கை வெச்சு அந்த நாட்டு மக்களைக் கூப்பிட்டது. அதே நேரம் ஆஸ்திரேலியக் காடுகள் பற்றி எரிஞ்சது செய்தியில் ஓடிக்கிட்டிருந்தது. விளம்பரத்தை நிறுத்தவேண்டியதாப் போச்சு. நம்ம நாட்டிலும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கொடுமை நடந்த செய்தி போனா, எந்த சூப்பர் ஸ்டார் சிரிப்பும் அதை மூடாது.

2019-ல் தாய்லாந்துக்கு ஏறக்குறைய 4 கோடி பேர் போனாங்க. இத்தனை பெரிய இந்தியாவுக்கு 1.09 கோடி. 2024-லும் நாம் அந்த ஒரு கோடியைத் தொடவில்லை.

மாமல்லபுரத்தில் நமக்கு டிக்கெட் 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். வாங்குங்க. ஆனா அந்த 600 ரூபாய்க்கு அவங்களுக்கு என்ன தர்றீங்க? சுத்தமான கழிப்பறை எத்தனை, நிழல் எவ்வளவு, விளக்கிச் சொல்ல உரிமம் பெற்ற கைடு எத்தனை பேர்? அடுத்த தூதர் பெயரை அறிவிக்கும் முன்னால, அமைச்சர் இந்தக் கணக்கை வெளியிடட்டும்.