எண் பெரிதாக இருந்தால் போதுமா?



வேடந்தாங்கலில் பறவை சீசன் ஆரம்பித்தாலே, "பிள்ளைக்கு ஒரு பைனாகுலர் வாங்கித் தரலாம் என்று இருக்கிறோம், எது நல்லது?" என்ற கேள்வியும் வரத் தொடங்கிவிடும். தாராளமாக வாங்கிக் கொடுங்கள். பெரிய எண்ணைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள்.

ஆன்லைனில் தேடினால் '20 மடங்கு', '100 மடங்கு ஜூம்' என்று விளம்பரங்கள் கண்ணைப் பறிக்கும். விலையும் மலிவு. கிட்டத்தில் தெரிந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பறவை எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, நம் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். கூடவே, தெரிகிற பரப்பும் சுருங்கிவிடும். முருங்கை மரத்தில் பூவுக்குப் பூ தாவும் தேன்சிட்டை அந்தச் சின்ன வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை ஏது? இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பரணில் போட்டுவிடும்.

பைனாகுலரின் மேல் 8×42 என்று போட்டிருந்தால், 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால் வரும். நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியின் அகலம் அதுதான். சட்டைப் பையில் அடங்கும் 8×25-க்கு இதே கணக்கைப் போட்டால் மூன்று சொச்சம். நல்ல வெயிலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பறவை பார்க்க உகந்த நேரம் விடிகாலையும் அந்தியும் அல்லவா? ஏரி மரங்களுக்குக் கூழைக்கடாக்கள் திரும்புகிற நேரத்தில் சின்ன லென்ஸ் மங்கலான உருவத்தைத்தான் காட்டும். 42 என்றால், அலகின் ஓரத்துப் புள்ளிகளையும் எண்ணிப் பார்க்கலாம்.

அதனால் வீட்டுக்கு ஒன்று என்றால் 8×42 வாங்குங்கள். நல்லதாக வேண்டுமென்றால் சில ஆயிரங்கள் ஆகும். குடும்பமே பல வருஷம் பார்க்கலாம். சிறு பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்றால் 8×32 போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் 'ஐ ரிலீஃப்' (முழுக் காட்சியும் தெரிய, கண் லென்ஸிலிருந்து தள்ளி இருக்கக்கூடிய தூரம்) 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். தாத்தா கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்கலாம்.

இன்னொன்று. பலர் "படம் தெளிவாகவே இல்லை" என்று திருப்பிக் கொடுக்கும் பைனாகுலரில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. நம் இரு கண்களின் பார்வையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தூரத்து போர்டு ஒன்றைப் பாருங்கள். வலது லென்ஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடிக்கொண்டு, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். எழுத்துகள் பளிச்சென்று வந்து நிற்கும். வளையம் நின்ற இடத்தை நினைவில் வையுங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு நடுச் சக்கரம் ஒன்றே போதும்.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். எக்காரணம் கொண்டும் பைனாகுலரால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை, கையில் கொடுக்கும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். கண் போனால் திரும்பாது.

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியிலோ குளக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததைக் குறித்து, 'இ-பேர்டு' தளத்தில் பதிவு செய்தால் போதும். பைனாகுலர் இல்லாதவர்களும் கலந்துகொள்ளலாம். காகமும் மைனாவும் வெறும் கண்ணுக்கே தெரியும். இந்தப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு பாருங்கள். உங்கள் தெருவில் என்னென்ன பறவைகள் வந்தன என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்