பெயர் சொல்லாத வருத்தம்



சகோதரி ஒருவர் எமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய ராத்தாவுக்கு 38 வயதில் மார்புப் புற்றுநோய். இந்த வயதில் வருவது பரம்பரையாக வந்ததாகவும் இருக்கலாம் என்று கூறி, டாக்டர் இருவரையும் மரபணு ஆலோசனைக்கு அனுப்பினார். "குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் இருந்ததா?" என்று அங்கே கேட்டதற்கு, "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

வீடு வந்த பிறகுதான் வாப்பாவின் சகோதரிகள் இருவர் நினைவுக்கு வந்தார்களாம். ஒரு மாமி மார்பில் கட்டி வந்து மௌத்தானவர். மற்றவர் வயிற்றில் தண்ணீர் கட்டி மௌத்தானவர். "பெண்களின் நோய்தானே, வாப்பா பக்கத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டோம்" என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. நமது வீடுகளில் இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. "அந்த வருத்தம்" என்போம், அல்லது குரலைத் தாழ்த்திக் கொள்வோம். என் மூத்தம்மா எந்த நோயில் மௌத்தானார் என்பது நாற்பதைத் தாண்டிய எனக்கே தெரியாது. வயிற்றில் தண்ணீர் கட்டுவது பல நோய்களில் உண்டு. சூலகப் புற்றுநோயும் அவற்றில் ஒன்று. ஆகவே ஆலோசகரிடம் நோயின் பெயர் தெரியாவிட்டாலும், எங்கே கட்டி, எத்தனை வயது என்றாவது சொல்லுங்கள். இரு பக்கத்தாரையும் சொல்லுங்கள்.

1994இல் பீஆர்சீஏ 1, அடுத்த ஆண்டில் பீஆர்சீஏ 2 என்னும் மரபணுக்கள் கண்டறியப்பட்டன. இவற்றில் ஒன்றில் பிறழ்வு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது போய்ச் சேரச் சரிபாதி வாய்ப்புண்டு. தகப்பன் எந்த நோயும் இல்லாமலே மகளுக்குக் கொடுத்துவிடலாம்.

ராத்தாவுக்குப் பீஆர்சீஏ 1 பிறழ்வு இருப்பதாக இப்போது முடிவு வந்திருக்கிறது. "ஒருவருக்கும் சொல்லாதே, மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம்" என்று ராத்தா கெஞ்சுகிறாராம்.

அந்தத் தாயின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அது ராத்தாவின் இரகசியம் மட்டும்தானா? இந்தப் பிறழ்வுள்ள 100 பெண்களில் சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்புப் புற்றுநோய் வருகிறது. சூலகப் புற்றுநோய் 40க்கு மேற்பட்டோருக்கு. முன்பே அறிந்தவர் இளவயதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐ பரிசோதனை செய்து கொள்ளலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின் சூலகங்களை அகற்றிக் கொள்ளலாம். மௌத்தான மாமிமாரின் பெண்மக்களுக்கு இதை யார் சொல்வது?

ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரத்த உறவினருக்கு, நானாமார் உட்பட, நேரில் சொன்னால் போதும். பெருநாள் விருந்தில் வேண்டாம், தொலைபேசியிலும் வேண்டாம். "நமக்குப் புற்றுநோய்" என்று தொடங்காதீர்கள். பிறழ்வு என்பது நோயல்ல. உறவினரிடம் கொடுக்க ஒரு கடிதம் தரும்படி ஆலோசகரிடமே கேட்கலாம். "எனக்கு அறிய வேண்டாம்" என்பவரை வற்புறுத்தாதீர்கள், அது அவரது உரிமை.

கடிதம் எழுதிய சகோதரியும் சோதித்துப் பார்க்கலாம். ராத்தாவிடமுள்ள அதே பிறழ்வு இவரிடம் இல்லையென்றால், இவரிடமிருந்து பிள்ளைகளுக்கு அது போகாது. மறுமுறை ஆலோசகரிடம் போகும்போது சாச்சாவையும் கூட்டிச் செல்லட்டும். மாமிமார் எந்த வயதில் நோயுற்றார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.