பேப்பர்லயே போட்டுட்டானாம்!

டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் காலைப் பேப்பரை முதலில் கைப்பற்றுகிறவர்தான் அன்றைக்கு நீதிபதி. சில நாளைக்கு முன்னால் அந்தப் பதவியில் உட்கார்ந்திருந்தவர் பென்ஷன் வாங்குகிற ஒரு பெரிய மனிதர். வெளிமாவட்டத்தில் எங்கோ வழிப்பறி வழக்கில் பிடிபட்ட இரண்டு பயல்கள் ஆளுக்கொரு மாவுக்கட்டோடு நிற்கிற படம் வந்திருந்தது. “தப்பி ஓடும்போது பாலத்துல இருந்து குதிச்சுக் கை ஒடிஞ்சுபோச்சாம். நல்லா வேணும்” என்று தீர்ப்பை வாசித்தார். வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் சும்மா இருக்கமாட்டாமல், “ரெண்டு பேருக்கும் வலது கைதானாண்ணே ஒடிஞ்சிருக்கு? சொல்லி வச்சுக் குதிச்சாய்ங்களோ?” என்றான். பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம். “பேப்பர்லயே போட்டுட்டான், நீ யாருடா கேக்குறதுக்கு? செல்போன் வச்சிருக்கவனெல்லாம் இப்ப நிருபராயிட்டாய்ங்க!” கடையே சிரித்தது. பையனைப் பார்த்துத்தான் சிரித்தது.

இந்த நம்பிக்கை அவர் ஒருத்தருடைய சொத்து இல்லை. கல்யாண வீட்டுப் பந்தி, ரேஷன் கடை வரிசை, தெரு வாட்ஸ்அப் குரூப், எங்கே போனாலும் இதே பாட்டுத்தான். மழை வரும் என்று பேப்பரில் வந்தால் இவர்கள் நம்பமாட்டார்கள். மந்திரி பேச்சு வந்தால் அதில்தான் வடையைச் சுருட்டுவார்கள். தங்கம் விலை வந்தால்கூட நகைக்கடைக்குப் போன் போட்டு ஒரு தடவை கேட்டுக்கொள்வார்கள். ஒருத்தன் திருடன் என்று அதே பேப்பர் போட்டுவிட்டால் மட்டும் அது கல்வெட்டு. அதைக் கேள்வி கேட்டு ஒருத்தன் வீடியோ போட்டால், அவன் லைக்குக்கு அலைகிறவன்.

இவர்களிடம் நான் ஒரே ஒரு ஊரின் பெயரைத்தான் சொல்வேன். மடப்புரம். மதுரைக்குக் கிழக்கே, திருப்புவனத்தை ஒட்டியிருக்கிற பத்ரகாளியம்மன் கோயில். களவு கொடுத்தவர்களும், நியாயம் கிடைக்காதவர்களும் போய்க் காசு வெட்டிப்போடுகிற சந்நிதி. 2025 ஜூன் 27இல் அங்கே சாமி கும்பிட வந்தவர்களின் காரில் இருந்த நகையைக் காணோம் என்று புகார். கோயிலில் தற்காலிகக் காவலாளியாக இருந்த அஜித்குமாரைப் போலீஸ் தனிப்படை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அவர் பிணம். எஃப்.ஐ.ஆர். என்ன சொல்லியது? தப்பி ஓடப் பார்த்தாராம், விழுந்தாராம், வலிப்பு வந்துவிட்டதாம்.

கதை அதோடு முடிந்திருக்கும். “விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட வாலிபர் வலிப்பு வந்து சாவு” என்று ஒரு பத்தி, கீழே பீடி விளம்பரம். முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு கழிப்பறை ஜன்னல். கோயில் ஊழியர் ஒருவர் அந்த ஜன்னல் வழியாக, கை நடுங்க நடுங்க, சில விநாடிகள் செல்போனில் எடுத்துவிட்டார். கோயிலுக்குப் பின்னால் வைத்துக் கம்பால் அடிக்கிறார்கள். அந்த வீடியோ ஜூலை 1இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு, நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், ஏ.டி. மரியா கிளீட் அமர்வுக்கு முன்னால் போனது. ராஜாஜி ஆஸ்பத்திரியில் நடந்த பிரேதப் பரிசோதனையில் 44 காயம். கொலைகாரன்கூட இப்படி அடிக்கமாட்டான் என்கிற அளவுக்கு நீதிபதிகள் கொதித்தார்கள். போலீஸ்காரர்கள் 5 பேர் கைது, வழக்கு சிபிஐ கையில்.

நாற்பத்து நாலு காயம் போடுகிற வலிப்பு! மருத்துவக் கல்லூரிகளில் இதற்குத் தனிப்பிரிவே தொடங்கலாம்.

வீடியோ வெளியான பிறகு எல்லாப் பேப்பரும் எட்டுப் பத்தியில் போட்டன, இல்லை என்று யார் சொன்னார்கள்? வெளியான பிறகு. அந்த ஜன்னலில் நின்றவரிடம் அடையாள அட்டை இல்லை, பைக்கில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர் இல்லை. நம் பெரியவர் கணக்கில் அவரும் செல்போன் வைத்திருக்கிற ஒரு ஆள்தான். அப்புறம் அவர் பாதுகாப்புக் கேட்டு அதிகாரிகளுக்கு மனுப் போடவேண்டியிருந்தது. வலிப்புக் கதையைக் கட்டியபோது யாருக்கும் பாதுகாப்புத் தேவைப்படவில்லை.

தாலுகாவில் ஒரு குற்றச் செய்தி எப்படிப் பிறக்கிறது என்று இந்த டீக்கடை நீதிபதிகளுக்குத் தெரியுமா? நிருபர் சம்பவ இடத்துக்கு ஓடுகிறார், நாலு பேரை விசாரிக்கிறார், ராத்திரி முழுக்க எழுதுகிறார் என்று சினிமாவில் பார்த்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பகுதி நேர நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு, பொங்கல் மலருக்கு விளம்பரம் பிடித்தால் கமிஷன். அவர் காலையில் ஸ்டேஷனுக்குப் போன் போடுகிறார், இல்லையென்றால் போலீஸ் நடத்துகிற வாட்ஸ்அப் குரூப்பைத் திறக்கிறார். ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக் கொடுத்ததுதான் செய்தி. ‘முன்விரோதம் காரணமாக’, ‘வாய்த்தகராறு முற்றி’, ‘போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்’ என்று அச்சு வார்த்தது போல வரும். பேரையூருக்கும் சேடபட்டிக்கும் போய் விசாரித்துவிட்டு வர பெட்ரோல் காசை எந்த முதலாளி தருகிறார்? விசாரித்து வேறு மாதிரி எழுதினால் நாளைக்கு அதே ரைட்டர் போனை எடுப்பாரா?

எஃப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு விசாரணை, குற்றப்பத்திரிகை, சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தாமேல் வாய்தா, கடைசியில் தீர்ப்பு. நம் பேப்பர் முதல் தகவலிலேயே தீர்ப்பையும் படித்துவிட்டு மறுநாள் அடுத்த ‘கைது’க்குப் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவரை ஒரு வழக்கில் பிடித்தபோது படத்தோடு போட்டார்கள். அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் தெளிவாக. வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்து விடுதலையானார். தீர்ப்பு நகலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, இதையும் போடுங்க தம்பி என்று போய் நின்றார். “செய்தியா வராதுண்ணே. வேணும்னா விளம்பரமாப் போட்டுரலாம், ரேட்டுக் கேட்டுச் சொல்றேன்” என்று பதில். அந்த விளம்பரத்துக்கு அவரிடம் காசு இல்லை. வக்கீலுக்கே இரண்டு ஏக்கர் மானாவாரி போயிருந்தது.

மாவுக்கட்டு விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுப் போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம்களில் வழுக்கி விழாதவர்களின் பட்டியலைத் தயாரிப்பது சுலபம்: போலீஸ்காரர்கள். கைதாகிறவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுகிறார்கள், அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. நீதிபதிகளுக்கு வந்த சந்தேகம் டீக்கடையில் வந்தால் மட்டும் குற்றமா? ஒரு டைல்ஸ் கடைக்காரரையாவது பேட்டி எடுத்துப் போட்டிருக்கலாம் இந்தப் பேப்பர்கள்.

சாத்தான்குளம் மறந்துபோயிருக்கும், பழைய கதை அல்லவா? 2020 ஜூன் 19இல் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்து வைத்தார்கள் என்று பிடித்தார்கள். எஃப்.ஐ.ஆர். எழுதிய கை அன்றைக்கும் கற்பனை வளமுள்ள கைதான்: இருவரும் தரையில் விழுந்து புரண்டார்களாம், அதில் ஊமைக்காயம் ஏற்பட்டதாம். பக்கத்துக் கடை சிசிடிவியில் புரளலும் இல்லை, தகராறும் இல்லை. 22ஆம் தேதி மகன் இறந்தார், 23ஆம் தேதி அப்பா. அன்றைய அரசு அறிக்கையில் ஒருவருக்கு மூச்சுத்திணறல், இன்னொருவருக்கு உடல்நலக் குறைவு. பாடகி சுசித்ரா ஆங்கிலத்தில் பேசிப் போட்ட வீடியோதான் நாடு முழுக்க இதைக் கொண்டு போனது. அதில் மிகைப்படுத்தல் இருக்கிறது என்று சிபிசிஐடி சொல்லி, அவரும் எடுத்துவிட்டார். சரி, மிகைதான். புரண்டு காயம்பட்டார்கள் என்று எழுதினார்களே, அது என்ன அளவோ? பின்னால் சிபிஐ 9 போலீஸ்காரர்கள்மேல் கொலை வழக்கில் குற்றப்பத்திரிகை போட்டதே!

வலிப்புக் கதை மாதிரியான கதைகள் நம் ஊர்ச் சரக்கு மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். சாத்தான்குளத்துக்கு ஒரு மாதம் முன்னால், 2020 மே 25இல், அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு செத்தபோது போலீஸ் விட்ட முதல் அறிக்கை அதை ஒரு மருத்துவச் சம்பவம் என்றுதான் சொல்லியது. 17 வயதுப் பெண், டார்னெல்லா ஃபிரேசியர், தெருவோரம் நின்று செல்போனில் எடுத்திருக்காவிட்டால் அதுவே கடைசி அறிக்கையாகவும் இருந்திருக்கும். அடுத்த வருஷம் புலிட்சர் பரிசுக்காரர்கள் அந்தப் பெண்ணுக்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள். நம் ஊரில் இருந்திருந்தால், “பொம்பளப் புள்ளைக்கு ரோட்டுல என்ன வேலை?” என்று கேட்டிருப்பார்கள்.

யார் வேண்டுமானாலும் அச்சை நம்பட்டும், இந்தப் பக்கத்துக்காரன் நம்பலாமா? இங்கிருந்து வடக்கே போனால் பெருங்காமநல்லூர். ரேகைச் சட்டம் என்று தாத்தாக்கள் சொல்வார்களே, அந்தக் குற்றப்பரம்பரைச் சட்டத்தில் ஒரு சாதியையே பிறவித் திருடர்கள் என்று அரசாங்கம் எழுதி வைத்தது. ரேகை வைக்கமாட்டோம் என்று நின்றவர்களில் 16 பேரை 1920 ஏப்ரல் 3இல் சுட்டுக் கொன்றார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. எழுதினவன் படித்தவன், முத்திரை வைத்தவன் துரை, எல்லாம் முறையாகத்தான் இருந்தது. அப்படி எழுதப்பட்டவர்களின் பேரன்கள் இன்றைக்குப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு இன்னொருத்தன் படத்தைப் பார்த்து “மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதுல்ல” என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நம் பேரையூர் தாலுகாவில்தான் உத்தப்புரமும். 1989இல் எழுந்த சுவர், தலித் மக்களைப் பிரித்து வைக்க. அந்த வழியாக எத்தனை பஸ் போயிருக்கும், எத்தனை நிருபர்கள் போயிருப்பார்கள்! தீண்டாமை ஒழிப்பு முன்னணிக்காரர்கள் கள ஆய்வுக்குப் போய் எடுத்துச் சொன்ன பிறகுதான் வெளியுலகம் அதைப் பேசத் தொடங்கியது. 2008 மே 6இல் ஒரு பகுதியை இடித்தார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் அடிதடி நடந்தால் மட்டும் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று இரண்டு வரி வரும். யார் அடித்தார்கள், யார் அடிவாங்கினார்கள் என்பது ரகசியம்.

நம் ஊர் காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தைக் கழித்தாரே ஜே.சி. குமரப்பா, அவர் பெயரைச் சொன்னால் இந்தப் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர் என்ன செய்தவர்? குஜராத்தில் மாதர் தாலுகாவில் விவசாயிகளின் நிலைமை பற்றி அரசாங்கம் வைத்திருந்த கணக்கை அப்படியே நம்பாமல், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவன் வீட்டு வரவுசெலவைக் கேட்டு எழுதினார். உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது ‘யங் இந்தியா’வை நடத்தி ஜெயிலுக்கும் போனார். இன்றைக்கு அவர் ஒரு செல்போனோடு பஸ் ஸ்டாண்டில் நின்று கேள்வி கேட்டால், லைக்குக்கு அலைகிற கிழவன் என்றுதான் சொல்வார்கள் இவர்கள்.

யூடியூப்காரன் புளுகவில்லையா என்று கேட்பார்கள். புளுகுகிறான், யார் இல்லை என்றது? அவன் புளுகினால் அடுத்த தெருக்காரன் கீழேயே காறித் துப்புகிறான். பேப்பரில் துப்புவதற்கு எங்கே இடம் இருக்கிறது?

இன்னொரு வேடிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 105ஆவது பிரிவு, போலீஸ் சோதனை போடும்போதும் பொருளைக் கைப்பற்றும்போதும் அதை வீடியோ எடுக்கவேண்டும் என்கிறது. எதில்? செல்போனில் எடுத்தால் நல்லது என்று சட்டமே எழுதியிருக்கிறது. பாராளுமன்றம் நம்புகிற செல்போனை டீக்கடை நம்பமாட்டேன் என்கிறது.

இதெல்லாம் குற்றச் செய்தியோடு நிற்கிற வியாதியும் இல்லை. கப்பலூர் டோல்கேட்டை எடுக்கச் சொல்லித் திருமங்கலத்திலும் இந்தப் பக்கத்து ஊர்களிலும் வருஷக்கணக்காகக் கத்துகிறார்கள். உள்ளூர் வண்டிக்காரன் அங்கே மறித்து நின்றால் மறுநாள் பேப்பரில் வருவது ‘போக்குவரத்து பாதிப்பு, வாகன ஓட்டிகள் அவதி’. மறித்தவனும் வாகன ஓட்டிதானே ஐயா? அவன் அவதி எந்தப் பக்கத்தில் வரும்?

பேப்பர்காரர்களுக்கு நான் ஒரு வேலை சொல்கிறேன். எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் கேமரா வைக்கவேண்டும், பதிவை 18 மாதம் வரை வைத்திருக்கவேண்டும் என்று 2020 டிசம்பர் 2இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாத்தான்குளம் ஸ்டேஷனில் அன்றன்றைய பதிவு அன்றன்றைக்கே அழிகிற மாதிரி அமைத்து வைத்திருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். மதுரை மாவட்டத்தில் எந்த ஸ்டேஷனில் எத்தனை கேமரா ஓடுகிறது, எது ‘பழுது’, எது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ப் பார்த்து, ஒரு நாள், ஒரே ஒரு நாள், முழுப் பக்கப் பட்டியல் போடட்டும். ரைட்டரிடம் கேட்டு எழுதக்கூடாது. போன நிருபருக்குப் பெட்ரோல் காசும் கொடுக்கவேண்டும்.