நிர்பீக்: பயந்தவர்களுக்கு அரைக் கிலோ டைட்டானியம்

டெல்லியில் ஏதாவது ஒரு கொடுமை நடந்து டிவியில் பத்து நாள் ஓடினால், நம் தமிழ்க் குடும்பங்கள் நடுவில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "பேசாம பொண்ணுக்கு ஒரு ரிவால்வர் வாங்கிக் குடுத்துடலாம் சார்." முனிர்காவில் கேட்டிருக்கிறேன், மயூர் விஹாரில் கேட்டிருக்கிறேன், ஒரு சீமந்தத்தில் பந்தியில் உட்கார்ந்தபடி கேட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் படத்தோடு வருகிறது. சொல்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள், பயந்தவர்கள். எனக்கும் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண் இருக்கிறாள், தினம் மெட்ரோவில் போய் வருகிறாள். அந்த உரிமையில் சொல்கிறேன். இது மோசமான யோசனை. அதோடு, நமக்குத் தானாகத் தோன்றிய யோசனையும் இல்லை, நம் தலையில் கட்டப்பட்டது. கட்டியது யார் என்பதில்தான் எனக்குக் கோபம்.

2012 டிசம்பர் 16 இரவு. சாகேத்தில் சினிமா பார்த்துவிட்டு, முனிர்கா ஸ்டாப்பில் நண்பரோடு ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினார் 23 வயது பிசியோதெரபி மாணவி. உள்ளே ஆறு பேர். அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், நான் எழுத வேண்டாம். 29ஆம் தேதி சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர்களில் நிர்பயா நிலைத்தது.

2014 ஜனவரியில் கான்பூர் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி, அதாவது அன்றைக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்த சாட்சாத் அரசாங்கத் தொழிற்சாலை, பெண்களுக்கென்றே ஒரு ரிவால்வரை வெளியிட்டது. .32 போர், ஆறு குண்டு, டைட்டானியம் கலவை, 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். வைத்துக் கொடுக்க நகைப்பெட்டி மாதிரி மெரூன் கலரில் ஒரு பெட்டி. பெயர் நிர்பீக். நிர்பயா, நிர்பீக் இரண்டுக்கும் ஹிந்தியில் அர்த்தம் ஒன்றுதான், பயமில்லாத.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வண்டிக் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 2012 ஏப்ரலில். எட்டு மாசம் கழித்து அந்த பஸ் கறுப்புக் கண்ணாடியும் திரைச்சீலையுமாக தலைநகரத்தின் தெருக்களில் சுற்றியது. ஒரு திரையைக் கழற்றி எறிய முடியாத அரசாங்கம், அடுத்த ஒரு வருஷத்தில் அந்தப் பெண்ணின் பெயரை ஒட்டியே ஒரு சரக்கைத் தயாரித்து விலைச்சீட்டும் போட்டது. என் தொழிலில் இதற்கு ஒரு வார்த்தை உண்டு. கடனைத் திருப்பித் தராதவனே வந்து நமக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி விற்பது. சரி, வார்த்தை இல்லை, வாக்கியம் :-)

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு பொருளைப் பார்ப்போம். நான் பி.காம். ஆனால் ரிவால்வர் வேலை செய்யும் விதம் புரிய பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ரிவால்வர் என்றால் சுழலும் உருளை. உருளையில் ஆறு அறை, அறைக்கு ஒரு தோட்டா. ட்ரிகரை இழுத்தால் மூன்று காரியம் நடக்க வேண்டும். ஒரு சின்னக் கொக்கி உருளையை ஆறில் ஒரு பங்கு திருப்ப வேண்டும். ஒரு தாழ் அதைக் குழலுக்கு நேராகப் பிடித்து நிறுத்த வேண்டும். சுத்தியல் பின்னால் போய் ஸ்பிரிங் விசையில் வந்து தோட்டாவின் அடியில் அடிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் சக்தி கொடுப்பது ஒரே ஒரு ஆள்காட்டி விரல். அதனால்தான் ரிவால்வர் ட்ரிகர் கனமாக, நீளமாக இழுக்க வேண்டியதாக இருக்கிறது. இழுக்கும்போது கையும் சேர்ந்து சாயும், குறி தப்பும். சுத்தியலை முன்னாலேயே கட்டைவிரலால் இழுத்து வைத்தால் ட்ரிகர் லேசாகிவிடும். நடுங்குகிற கையில் லேசான ட்ரிகர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டாம். பழகினவர்கள் இரண்டையும் சமாளிப்பார்கள். பழகுவது என்றால் மாதாமாதம் ரேஞ்சுக்குப் போய் தோட்டா செலவழிப்பது. டெல்லியில் வேலை, டியூஷன், சமையல் நடுவில் எத்தனை பெண்களுக்கு அதற்கு நேரமும் இடமும் இருக்கிறது?

நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். பிஸ்டலில் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மேல்பகுதியைக் கையால் இழுத்து அதை வெளியே தள்ள வேண்டும். ரிவால்வரில் மறுபடி ட்ரிகரை இழுத்தால் போதும், அடுத்த அறை தானாக வந்து நிற்கும். புதியவர்களுக்கு ரிவால்வர் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். நிர்பீக் பழைய வெப்லி குடும்பத்து வாரிசு. நடுவில் கீல் வைத்து, குழலைக் கீழே மடக்கினால் நட்சத்திர வடிவத் தகடு எழும்பி ஆறு காலித் தோட்டாவையும் ஒரே தள்ளலில் வெளியே தள்ளும். அழகான ஏற்பாடு. ஆனால் கீல் உள்ள சட்டம், ஒரே வார்ப்பான சட்டம் அளவுக்கு உறுதி இல்லை, வலுவான தோட்டாவைத் தாங்காது. 2023 ஆகஸ்டில் அதே கான்பூரில் (இப்போது ஆர்டினன்ஸ் போர்டு கலைக்கப்பட்டு கம்பெனியாகிவிட்டது) வந்த பிரபலில் கீல் போய், உருளை பக்கவாட்டில் திறக்கிறது. எடை சுமார் 700 கிராம். ஐம்பது மீட்டர் வரை சுடலாம் என்று விளம்பரம். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவனைச் சுட்டால் அதற்குத் தற்காப்பு என்று எந்தக் கோர்ட்டில் பெயர் வாங்குவது?

அப்புறம் அந்த 500 கிராம். லேசாக இருப்பது கைப்பைக்கு நல்லது, கைக்கு நல்லதில்லை. தோட்டா அதேதான், துப்பாக்கி மட்டும் இளைத்திருக்கிறது என்றால் பின்னுதைப்பு அதிகம். ஒன்பதாம் கிளாஸ் நியூட்டன்.

தூரம் பற்றி ஒரு தகவல். 1983இல் அமெரிக்காவில் டென்னிஸ் டூலர் என்ற சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் கணக்குப் போட்டார். கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறான். பயிற்சி பெற்ற போலீஸ்காரர், இடுப்பில் உறையில் இருக்கும் துப்பாக்கியை உருவிச் சுட எடுத்துக்கொள்ளும் நேரமும் அவ்வளவுதான். நம் பெண்ணின் ரிவால்வர் எங்கே இருக்கும்? கைப்பையில், டிபன் பாக்ஸ், சார்ஜர், குடை, சீப்பு எல்லாவற்றுக்கும் அடியில்.

அடுத்து தோட்டா. பெரிய துப்பாக்கி வாங்கிக் கொடுக்கலாமே என்றால் முடியாது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்திய .38, .455, 9 மி.மீ. எல்லாம் 'தடை செய்யப்பட்ட போர்' கணக்கு. நமக்கு மிஞ்சுவது .32, .22 மாதிரிதான். அதுவும் லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கைதான் வாங்கலாம். அதனால் என்ன நடக்கிறது? ஒரு பெட்டி வாங்கி, பீரோவில் புடவைக்கு அடியில் பத்து வருஷம் வைப்பார்கள். தோட்டாவுக்கும் வயசாகும். நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். கைக்கெட்டும் தூரம். இரண்டு பேரும் பிழைத்தார்கள். தோட்டாக்கள் பழையவை, வீரியம் குறைந்தவை என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் காரணம். அவர்கள் பிழைத்தது நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் 'சுட்டால் விழுந்துவிடுவான்' என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

"அப்படீன்னா விசேஷத் தோட்டா இருக்காமே, ரப்பர், பிளாஸ்டிக், உள்ளே போய் விரியறது?" என்றும் ஒரு மாமா கேட்டார். விரிகிற தோட்டா நம் நாட்டுச் சரக்குதான் மாமா. கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் 1890களில் கேப்டன் பெர்டி-கிளே என்பவர், தோட்டாவின் மூக்கு நுனியில் உலோக உறையை நீக்கிப் பார்த்தார். உடம்பில் பட்டதும் ஈயம் காளான் மாதிரி விரிந்து பெரிய காயம் பண்ணியது. 1899 ஹேக் மாநாட்டில் நாடுகளுக்கு இடையிலான யுத்தத்தில் இதைத் தடை செய்தார்கள். டம்டம் என்ற பெயர் மட்டும் உலகம் பூராவும் போய்விட்டது. அது விரிய வேண்டுமானால் வேகம் வேண்டும். குட்டைக் குழலில் மெதுவாகப் போகிற .32 தோட்டாவுக்கு அது போதாமல் போகலாம். ரப்பர், பிளாஸ்டிக் குண்டுகளோ தூரத்தில் கூட்டத்தைக் கலைக்கச் செய்தவை. கிட்டே இருந்து சுட்டால் கண் போகும், உயிரும் போகும். கைப்பைக்கு எந்த விசேஷத் தோட்டாவும் தோதில்லை.

எங்கள் கிளையில் காவலுக்கு ஒரு ரிட்டயர்ட் ஹவில்தார் இருக்கிறார். கையில் 12 போர் இரட்டைக்குழல். (12 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்துகிற உருண்டை பன்னிரண்டு வார்க்கலாம் என்று அர்த்தம். இருபது வருஷம் அந்தத் துப்பாக்கியைத் தாண்டிப் போய்விட்டு, போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.) அவர் சொல்வார், "சார், இது சுடறதுக்கு இல்ல, காட்டறதுக்கு." கண்ணில் பட்டால்தான் துப்பாக்கிக்கு மரியாதை. பைக்குள் இருப்பது யாரையும் தடுக்காது.

சரி, பையிலாவது எடுத்துப் போக முடியுமா? மெட்ரோவில் துப்பாக்கிக்கு அனுமதி கிடையாது. மால் வாசலில் சோதனை, தியேட்டர் வாசலில் சோதனை. 2012இல் அந்தப் பெண்ணிடம் நிர்பீக் இருந்திருந்தால் சாகேத் சினிமாவுக்கே விட்டிருக்க மாட்டார்கள். தற்காப்புக்கு லைசென்ஸ் வேண்டுமானால் 21 வயசு ஆக வேண்டும், காலேஜ் போகும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆகவில்லை. அப்பா பேரில் வாங்கிப் பெண் பையில் வைத்தால் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து வருஷம் ஜெயில். தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். சட்டம் பெண்ணுக்கு எதிரி இல்லை. பலாத்காரம் செய்ய வருபவனைக் கொல்லும் அளவுக்குத் தற்காப்பு உரிமை அன்றைய இ.பி.கோ. 100ஆம் பிரிவிலும் இருந்தது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதா 38ஆம் பிரிவிலும் இருக்கிறது. உரிமை இருக்கிறது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கேயும் போகத்தான் வழியில்லை.

கடைசியில் ரிவால்வர் எங்கே இருக்கும்? வீட்டில். இங்கேதான் எனக்கு நிஜமான பயம்.

1995 ஜூலை 2, கோல் மார்க்கெட் ஃபிளாட். டெல்லி இளைஞர் காங்கிரஸ் தலைவராக இருந்த சுஷீல் சர்மா, மனைவி நைனா சாஹ்னியைச் சுட்டுக் கொன்று, உடலை ஓட்டல் தந்தூர் அடுப்பில் போட்டார். சுட்டது லைசென்ஸ் ரிவால்வர். அதுவும் .32தான். முதல் போஸ்ட்மார்ட்டத்தில் தீக்காயம் என்று எழுதிவிட்டார்கள், இரண்டாவதில்தான் உள்ளே தோட்டா கிடைத்தது. பெண்களைக் காப்பாற்ற என்று விற்ற அதே போர், அதற்கு 19 வருஷம் முன்னால் இந்த ஊரில் என்ன வேலை செய்தது பாருங்கள். 1999 ஏப்ரல் 29 இரவு மெஹ்ரோலியில், மது ஊற்ற மறுத்த ஜெசிகா லாலைச் சுட்டது மனு சர்மாவின் .22 பிஸ்டல். அதற்கும் லைசென்ஸ் இருந்தது. அந்த பிஸ்டல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

பலாத்கார வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி பெண்ணுக்குத் தெரிந்தவன் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சொல்கிறது. சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை பார்ப்பவன். இவன் மேல் அந்தப் பெண் எந்த நிமிஷத்தில் துப்பாக்கியை நீட்டுவாள்? அவன் கையில் துப்பாக்கி கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். 1993இல் அமெரிக்காவில் கெல்லர்மன் குழு நடத்திய ஆய்வில், துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் அபாயம் 2.7 மடங்கு என்று வந்தது. சுட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்தார், தெரிந்தவர்கள். அமெரிக்கா வேறு, நாம் வேறு என்று வாதாடலாம். வாதாடுபவர்கள் கோல் மார்க்கெட் பக்கம் ஒரு நடை போய் வரட்டும்.

பாங்கில் என்னிடம் வரும் இன்னொரு கேள்வி: "சம்மர் லீவில் ஊருக்குப் போறோம், அதை லாக்கரில் வெச்சுக்கலாமா?" கூடாது. லாக்கர் ஒப்பந்தத்தில் ஆயுதம், வெடிபொருள் வைக்கமாட்டேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டுதான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும். பூட்டிய ஃபிளாட்டில் விட்டுப் போனால், திருடன் கைக்குப் போய், நாளைக்கு வேறு யாரோ ஒரு பெண்ணின் மேல் அது நீட்டப்படும்.

1,22,360 ரூபாயை அன்றைக்கு 9 சதவிகிதத்தில் போட்டிருந்தால் எட்டு வருஷத்தில் இரட்டிப்பாகியிருக்கும். அவ்வளவு காசு செலவழிக்கத் தயாராக இருக்கும் அப்பாக்கள், ஒரு மாசம் செலவில்லாத வேலை ஒன்று செய்யலாம். எங்கள் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து குடியிருப்பு கேட் வரைக்கும் எரியாத தெருவிளக்கு ஒன்பது. நானும் தங்கமணியும் இரண்டு ராத்திரி நடந்து எண்ணினோம், கம்பத்து நம்பரோடு எழுதி வைத்திருக்கிறோம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பஸ் வராத ஸ்டாப் இரண்டு. மனு தயாராக இருக்கிறது. இதுவரை பதினோரு கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோவில் வாசலில் நிற்பேன், பேனாவும் நானே கொண்டு வருகிறேன்.