பைக்கை முறுக்கினா காசு கொட்டுமா? ரேஸ் வீரர்களின் வருமான ரகசியம்!

திருச்செங்கோடு:

சாயங்காலம் ஆனால் போதும்... சங்ககிரி ரோட்டில் சைலன்சரை மாற்றிய பைக்குகளின் உறுமல் காதை கிழிக்கிறது. ஓட்டுகிற பையன்களில் பலர் தறி ஓட்டியும், ரிக் வண்டியில் ஊர் ஊராக போயும் சம்பாதிக்கிறவர்களின் பிள்ளைகள். வண்டியோ தவணையில் வாங்கியது. வீட்டில் கண்டித்தால், "ரேசுல சேர்ந்து லட்ச லட்சமா சம்பாதிப்பேன்" என்று பதில் வருகிறது.

உண்மையில் பைக் ரேஸ் வீரருக்கு காசு எங்கிருந்து வருகிறது? ஜெயித்தால் கிடைக்கிற பரிசுப்பணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

கப்பு வரும்... காசு?

தமிழ்நாட்டில் ரேசுக்கென்றே பெரிய டிராக்குகள் இருக்கின்றன. ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, 3.7 கிலோமீட்டர். இன்னொன்று கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே, 2.1 கிலோமீட்டர். தேசிய போட்டிகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

சொந்த காசில் இறங்குகிற பையன் முதலில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ரோட்டில் ஓட்டுகிற லைசென்ஸ் அல்ல, மோட்டார் விளையாட்டு சம்மேளனம் கொடுக்கும் போட்டி லைசென்ஸ். அப்புறம் லெதர் சூட், ஹெல்மெட், பூட்ஸ், கையுறை. டயர், பெட்ரோல், மெக்கானிக் கூலி, என்ட்ரி கட்டணம் தனி. ஒருமுறை கீழே விழுந்தால் வண்டி செலவு வேறு. இத்தனையும் கழித்தால் பரிசுப்பணத்தில் கையில் நிற்பது சொற்பம். பல சமயம் கைக்காசுதான் போகும்.

இன்னொரு விஷயம் பலருக்கு தெரியாது. சாதாரண பைக் இன்சூரன்ஸ், பந்தயத்தில் விழுந்தால் செல்லாது!

மாச சம்பளம்தான் முக்கியம்

ரிக் வண்டிக்காரருக்கு அடிக்கணக்கில் கூலி. ரேஸ் வீரருக்கோ கம்பெனி ஒப்பந்தம்தான் சோறு. பைக் தயாரிக்கும் கம்பெனிகள் சொந்தமாக அணி வைத்திருக்கின்றன. ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியின் ரேஸ் அணி 1982-லேயே ஆரம்பித்தது. அணியில் சேர்ந்துவிட்டால் வண்டி, டயர், மெக்கானிக் எல்லாம் கம்பெனி பொறுப்பு. வீரருக்கு ஒப்பந்தப்படி சம்பளம், ஜெயித்தால் போனஸ். சென்னையை சேர்ந்த ஜெகன் குமார் இப்படி டி.வி.எஸ். அணியில் ஓட்டித்தான் பலமுறை தேசிய சாம்பியன் ஆனார்.

கம்பெனி ஏன் சம்பளம் கொடுக்கிறது? சும்மா இல்லை. ரேசில் ஜெயித்த வண்டி ஷோரூமில் விற்கும். இன்ஜின், பிரேக், டயர் எவ்வளவு தாங்கும் என்பதும் டிராக்கில்தான் தெரியும். அதனால் புது வண்டியை ஓட்டிப் பார்த்து குறை சொல்வதும் வீரரின் வேலையில் ஒரு பங்கு.

ஆனால் இந்த மாதிரி இடங்கள் நாடு முழுவதும் சேர்த்தாலும் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். வரிசையில் நிற்பதோ நூற்றுக்கணக்கில்!

வெளிநாட்டிலும் இதே கதை

உலகத்தின் பெரிய பைக் போட்டியான மோட்டோ ஜி.பி.யிலும் அணி சம்பளமும் விளம்பரமும்தான் பெரிய வருமானம். தொப்பியில் ஒரு பெயர், ஹெல்மெட்டில் ஒரு பெயர் என்று உடம்பெல்லாம் விளம்பரம். இத்தாலி வீரர் வாலண்டினோ ரோஸ்ஸி, வருமான வரி பிரச்சினையை 2008-ல் முடிக்க கட்டிய தொகை மட்டும் 3½ கோடி யூரோ! வரியே இவ்வளவு என்றால் வருமானத்தை யோசித்துக் கொள்ளலாம்.

ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கெஸ் கதை வேற மாதிரி. ஹோண்டாவில் இருந்த பெரிய சம்பள ஒப்பந்தத்தை 2023 கடைசியில், ஓராண்டு முன்கூட்டியே முறித்துக்கொண்டு சின்ன அணிக்கு போனார். நல்ல வண்டி கிடைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. 2025-ல் டுகாட்டி அணிக்கு ஓட்டி மறுபடி உலக சாம்பியன் ஆனார்.

இது உச்சியில் இருக்கிற நாலு பேர் கதை. கீழ் பிரிவுகளில், சம்பளம் வாங்குவதற்கு பதில் ஸ்பான்சரை தேடி அணிக்கு பணம் கொண்டு வந்து ஓட்டுகிறவர்களும் உண்டு. சென்னை சரத்குமார் 2011-ல் உலக சாம்பியன்ஷிப் 125 சி.சி. பிரிவில் களம் கண்டு, அந்த போட்டிக்கு போன முதல் இந்தியர் ஆனார். அவரை தொடர்ந்து அந்த அளவுக்கு ஒரு பட்டாளம் கிளம்பாததற்கு காரணம் திறமை குறைவு அல்ல, செலவு. நம்ம 'தல' அஜித்தும் சினிமாவில் சம்பாதித்து நின்ற பிறகுதானே சொந்த கார் ரேஸ் அணி வைத்தார்!

உயிர் பணயம்

பெங்களூர் வீரர் சி.எஸ்.சந்தோஷ், டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர். 2015-ல் சாதித்தார். அதே போட்டியில் 2021 ஜனவரியில் ஹீரோ அணிக்காக சவுதி பாலைவனத்தில் ஓட்டியபோது விழுந்து, தலையில் அடிபட்டு, டாக்டர்கள் மருந்து கொடுத்து கோமாவில் வைக்க வேண்டி வந்தது. பிழைத்து ஊர் திரும்பினார். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டிய 13 வயது பெங்களூர் சிறுவனுக்கு அந்த கொடுப்பினை இல்லை. விழுந்தவன் பிழைக்கவில்லை. டாக்டர், ஆம்புலன்ஸ் என சகல வசதியும் உள்ள டிராக்கிலேயே இந்த கதி. சங்ககிரி ரோட்டில் என்ன இருக்கிறது?

பொது ரோட்டில் ரேஸ் விட்டால் முதல் முறை 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம். 18 வயது ஆகாத பையன் குற்றம் செய்தால் அப்பா அம்மாவுக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25 ஆயிரம் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில் என்று 2019-ல் சட்டம் கடுமையானது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்து விழுந்த யூ-டியூபர் டி.டி.எப்.வாசனின் லைசென்ஸ் 10 வருஷத்துக்கு பறிபோனது.

வழி இருக்கா?

நிஜமாகவே ஆசை உள்ள பையனுக்கு ஒரே மாதிரி வண்டியில் எல்லாரையும் ஓட விடும் போட்டிகள்தான் முதல் படி. வண்டியை கம்பெனி கொடுத்துவிடும், யார் கெட்டி என்பது அங்கே தெரிந்துவிடும். டி.வி.எஸ். இப்படி பல வருஷமாக நடத்துகிறது. ஹோண்டா 2018-ல் சின்ன பசங்களுக்கென்றே தொடங்கியது.

ஓட்டும் காலம் முடிந்தால்? சென்னை ரஜினி கிருஷ்ணன் மாதிரி பயிற்சி பள்ளி நடத்தலாம். ஸ்பேனர் பிடிக்க தெரிந்தவனுக்கு இன்னொரு கதவும் உண்டு. ஒவ்வொரு ரேஸ் அணிக்கும் மெக்கானிக் வேண்டும். லாரி பாடி, ரிக் பட்டறைகளில் கை பழகிய திருச்செங்கோட்டு பையன்களுக்கு அது புது வேலையும் இல்லை, கீழே விழுகிற வேலையும் இல்லை.